நாலு விரல் சாய்வு

தம்பியின் பிக்கப் வண்டி ஒருபக்கம் சாய்ந்து நிற்பதை முதலில் கண்டுபிடித்தது எதிர்வீட்டு ஆயாதான். திண்டிவனத்தில் அம்மா வீட்டு வாசலில் வண்டி நின்றிருந்தது. வெற்றிலையை மென்றபடி கொஞ்ச நேரம் பார்த்தவர், "இன்னாடா, ஒன் வண்டிக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சா?" என்று கேட்டார்.

"ரோடு சாய்வு ஆயா" என்று தம்பி மழுப்பினான்.

நான் விழுப்புரத்துக்கு வாக்கப்பட்டுப் போனவள். மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்க பஸ் ஏறிவிடுவேன். அடுத்த மாதம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனபோது, மண்டபத்தின் சிமென்ட் தரையில் அதே வண்டி நின்றது. அங்கே ரோடு சாய்வு இல்லை. ஆனாலும் வண்டி இடப்பக்கம்தான் சாய்ந்திருந்தது. சாம்பார் அண்டாவை இறக்கியவர்கள்கூட, "பாத்துப்பா, அந்தப் பக்கம் சாயுது" என்று சொல்லிக்கொண்டே இறக்கினார்கள்.

அன்றைக்கும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த தம்பி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னான். ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூரில் தங்கச்சி குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் அவன்தான். "வேன் எதுக்குக்கா? நம்ம வண்டியிலயே தார்பாய் கட்டி, ஜமுக்காளம் விரிச்சி எல்லாரையும் ஏத்திக்கினு போயிடலாம். இருபது பேருதானே?"

எனக்கு அதற்குப் பிறகு பாயசம் இறங்கவில்லை.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அமாவாசை ராத்திரி செஞ்சி ரோட்டில் நின்று பாருங்கள். அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்கப் போகிற கூட்டத்தில் பாதி லோடு வண்டியில்தான் போகும். நாமும் சின்ன வயதில் டிராக்டரிலும் டெம்போவிலும் போனவர்கள்தானே! ஆனால் அந்த வண்டிகள் சாய்ந்திருந்தனவா என்று நாம் அப்போது பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் என் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். "ஜாக்கெட் அளவு எடுக்கப் போறியாக்கா?" என்று சிரித்தான். சிரித்துக்கொள்ளட்டும்.

இந்த அளவை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். முதலில் தரை சமமா என்று பார்க்க வேண்டும். பாதி தண்ணீர் ஊற்றிய பாட்டிலைத் தரையில் படுக்க வைத்தாலே தெரிந்துவிடும். வண்டி காலியாக இருக்க வேண்டும். இரண்டு பக்க டயரும் ஒரே சைஸா, ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா, காற்று சமமா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதி வண்டிகளின் சாய்வு இங்கேயே தீர்ந்துவிடும். அதன்பிறகு சக்கரத்தின் நட்ட நடுவிலிருந்து, நேர் மேலே பாடியின் அடி விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் குறையும் கணக்கில் சேர்ந்து குழப்பும்.

பின்பக்கம் இடது சக்கரத்துக்கு மேலே இடைவெளி, வலதைவிட 7 சென்டிமீட்டர் குறைவு. விரல் கணக்கில் நாலு விரல். முன்பக்கத்தில் 2 சென்டிமீட்டர்.

"இது எப்பலேருந்து?" என்றேன்.

அப்போதுதான் முழுக்கதையும் வெளியே வந்தது. சாய்வு ஆரம்பித்து நாலைந்து மாதமாம். முதலில் இடது டயரில் காற்றை ஏற்றிப் பார்த்திருக்கிறான். பிறகு யாரோ சொன்னார்கள் என்று இடப்பக்கம் ஒரு ரப்பர் கட்டையைச் சொருகியிருக்கிறான். அதுவும் நசுங்கிப்போக, ஒரு பட்டறையில் விட்டிருக்கிறான். அங்கே வண்டிக்கு அடியில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, இடப்பக்கம் மட்டும் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் நேராக நின்றதாம். பிறகு காலியாக இருந்தால் வலப்பக்கம், லோடு ஏற்றினால் இடப்பக்கம் என்று ஆடியிருக்கிறது. கடைசியில் எப்போதும் இடப்பக்கமே என்றாகிவிட்டது.

பட்டை என்றால் என்ன என்று கேட்கும் வாசகர்களுக்கு: லாரி, பிக்கப் வண்டிகளின் சக்கரத்தருகே, வில் போல வளைந்த இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டப்பட்டிருக்கும். அதுதான் லீஃப் ஸ்பிரிங். நம் பக்கம் பட்டை என்போம், பிளேட் என்றும் சொல்வார்கள். தாத்தா காலத்து வில் வண்டியில் இருந்த அதே வில். கட்டை வண்டியில் போனால் குடல் வாய்க்கு வந்துவிடும் என்பதால்தான் வசதியானவர்கள் வில் வைத்த வண்டி வைத்திருந்தார்கள். (எங்கள் ஊரை ஆங்கிலத்தில் எழுதும்போது 'வில்'லுபுரம் போலத்தான் எழுதுகிறார்கள். தமிழில் 'விழு' என்று ஆரம்பிப்பதால், "விழுப்புரத்து அக்கா கண்ணு பட்டுதான் வண்டி விழப் பாக்குது" என்பது தம்பியின் அன்றைய ஜோக்.)

ஏன் ஒரே தடித்த இரும்பாக வைக்காமல் அடுக்கடுக்காக வைக்கிறார்கள்? தகட்டின் தடிமன் இரண்டு மடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிவிடும். அப்படி விறைத்துக்கொண்டால் பள்ளத்தில் வளையாது, முறியும். மெல்லிய தகடுகள் பல சேர்ந்தால் வளைந்தும் கொடுக்கும், பாரத்தையும் தாங்கும். ஒன்றோடொன்று உரசிக்கொள்வதால் குலுக்கலும் சீக்கிரம் அடங்கும்.

சரி, பட்டைக் கடைக்குப் போகலாம் என்றேன். "சீசன் நேரம்க்கா" என்றான். அவன் சீசன் என்றது மரக்காணத்து உப்பை. வெயில் காலம் முழுக்க உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றுவான். மழை வந்து உப்பளம் ஓய்ந்தால் சவுக்கு, மணிலா, அதற்குப் பிறகு தர்பூசணி. பிரம்மதேசம் வழியாக மரக்காணம் போய்த் திரும்புவது அவனுக்கு வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போய் வருவது மாதிரி. வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வாடகை போச்சு. டியூ மட்டும் நிற்காது.

"அப்ப காதுகுத்துக்கு நாங்க யாரும் வரல" என்று சொல்லிவிட்டேன். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது என்பது அவனுக்கும் தெரியும். ஆள் வராத காதுகுத்தில் அவன் மட்டும் மடி விரித்து உட்கார முடியாது என்பது எனக்கும் தெரியும்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் ஹைவே ஓரத்தில் ஒரு பட்டைக் கடை. சென்னை ரோடு, புதுச்சேரி ரோடு, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை ரோடு எல்லாம் திண்டிவனத்தில் வந்து சேர்வதால், லாரிக்கு வேண்டிய எல்லாக் கடையும் இந்தப் பக்கம் உண்டு. கடைக்காரர் அறுபது வயதைத் தாண்டிய பாய். எல்லோருக்கும் பாய், எனக்கும் பாய். வண்டி உள்ளே நுழையும்போதே கையைக் காட்டி நிறுத்தினார். பின்னால் போய், தூரத்தில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"தம்பி, வண்டி நண்டு மாதிரி வருதே, கவனிச்சியா?"

முன்சக்கரம் போகிற தடத்தில் பின்சக்கரம் வரவில்லை. கொஞ்சம் விலகி வருகிறது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்ததைத் தம்பி ஒப்புக்கொண்டான். பாய் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்னால் சேசிஸின் குறுக்குச் சட்டத்துக்கு நடுவே ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கினார். பின்பட்டைகள் மேல் பாரமே இல்லாதபடி தூக்கிய பிறகு முன்பக்கத்தைப் பார்த்தார். நேராகிவிட்டது. "முன்னாடி ஒண்ணும் இல்ல. பின்னாடி சாயுறதுதான் முன்னாடியும் இழுக்குது." ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் முன்பட்டையையும் கழற்றிக் காசைக் கரைத்தவர்களை அவருக்குத் தெரியுமாம்.

சந்தேகம் இன்னும் இருந்தால் இரண்டு பக்கப் பட்டையையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பார்களாம். சாய்வும் பக்கம் மாறினால் குற்றம் பட்டையில். மாறாமல் அப்படியே இருந்தால் சேசிஸ் வளைந்திருக்கிறது, அல்லது பட்டையைத் தாங்கும் பிராக்கெட் விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு அந்த வேலையே வரவில்லை. இடது பட்டையின் மேல் இருந்த துருவையும் சேற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இங்க பாரும்மா" என்று செல்போன் லைட்டை அடித்தார்.

பட்டைகளில் மேலே இருப்பதுதான் மெயின் பட்டை. அதன் இரண்டு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டு, அதில் போல்ட் நுழைந்து வண்டியோடு சேரும். முன்முனையில் அந்த வளையத்தின் கழுத்தில் மெயின் பட்டை முழுக்க முறிந்திருந்தது. முறிவில் பாதி கறுத்துப் பழசாக இருந்தது. மீதி பளபளவென்று புதுசு. அதாவது பாதி மாதக்கணக்கில் விரிசலாக இருந்திருக்கிறது, மீதி சமீபத்தில் போயிருக்கிறது. பழைய பட்டறையில் ஒரு பட்டையைச் சேர்த்துக் கட்டியபோதே இந்த விரிசல் இருந்திருக்கும் என்றார் பாய். தேய்த்துப் பார்த்தால்தானே தெரியும்?

"அப்புறம் எப்படி பாய் வண்டி ஓடிச்சு?" என்றேன்.

இரண்டாவது பட்டையைக் காட்டினார். அதன் முனையும் மெயின் பட்டையின் வளையத்தைச் சுற்றி, கை அணைப்பது போல வளைந்திருந்தது. "மூத்தது முறிஞ்சா இளையது புடிச்சுக்கட்டும்னுதான் இப்படி வச்சிருக்கான். நாலு மாசமோ அஞ்சு மாசமோ, இதுதாம்மா வண்டியைப் புடிச்சுக்கினு இருக்கு. இதுவும் போயிருந்தா அந்தப் பக்கச் சக்கரம் அச்சோட பின்னால போயிடும். ஸ்டியரிங் ஒரு பக்கம் திருப்பினா வண்டி ஒரு பக்கம் போகும்."

தம்பி ஒன்றும் பேசவில்லை. போய் டீ வாங்கி வந்தான், மூன்று பேருக்கும். அவன் டீயை அவன் குடிக்கவில்லை.

ஏன் இடப்பக்கம் என்று பாயிடம் கேட்டேன். தண்ணீர் வடிய ரோட்டின் ஓரம் சரிந்திருக்கும், நாமோ இடப்பக்கம் போகிறவர்கள். எதிரே பஸ் வந்தால் இடது சக்கரத்தைத்தான் மண்ணில் இறக்குகிறோம். தார் விளிம்பிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அடி அந்தப் பக்கத்துக்கு. அதோடு உப்பு. ஈர மூட்டையிலிருந்து வடியும் உப்புநீர் பட்டைகளுக்கு நடுவே இறங்கித் தங்கிவிடுகிறது. துரு இரும்பில் ஊசி முனை அளவுக்குக் குழி பறித்தால் போதும், தினமும் வளைந்து நிமிரும் பட்டையில் விரிசல் அந்தக் குழியில்தான் ஆரம்பிக்கும். உப்பு லோடு இறக்கிய அன்றே நல்ல தண்ணீரால் வண்டியின் அடியைக் கழுவ வேண்டும் என்றார். தம்பி தினமும் கழுவுகிறான்தான். கண்ணாடியையும் கேபினையும்!

மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றி வள்ளுவர் சொன்னதை லோடு வண்டிக்காரர்களிடம் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அவர் அச்சு முறிவதைச் சொன்னார். இப்போது அச்சுக்கு முன்னால் பட்டை போய்விடுகிறது. அளவுக்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால் 2019 செப்டம்பரிலிருந்து அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. அது தம்பிக்கு மனப்பாடம். பட்டைக்கு ஆகும் சேதம் எந்த ரசீதிலும் வராததால் அது மட்டும் கணக்கில் இல்லை.

"முறிஞ்ச இடத்துல வெல்டிங் வச்சிக் குடுங்களேன் பாய், சீசன் முடிஞ்சதும் மாத்திக்கறேன்" என்று கடைசியாக ஒரு பேரம் பேசிப் பார்த்தான். பாய் அவனை முறைத்த முறைப்பில் நானே இரண்டடி பின்னால் போனேன்.

பட்டை சாதாரண இரும்பு கிடையாது. சிலிக்கான், மாங்கனீசு, குரோமியம் போன்றவற்றை அளவாகக் கலந்த உருக்கு. அதைச் சுமார் 850, 900 டிகிரிக்குச் செஞ்சிவப்பாகக் காய்ச்சி, எண்ணெயில் முக்கிக் கெட்டியாக்கி, மறுபடி 400, 500 டிகிரியில் மிதமாகச் சூடு காட்டினால்தான் வளைந்து நிமிரும் குணம் வரும். வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பதம் கெட்டுவிடும். பார்க்க ஒட்டியிருக்கும், பள்ளத்தில் விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். தட்டையாகிப்போன பட்டையை மறுபடி வளைக்கும்போதும் இதே சங்கதிதான். காய்ச்சி வளைத்து, முக்கியதோடு விட்டுவிட்டால் பட்டை விறைப்பாக இருக்கும், ஆனால் பொறுக்காது. "ரெண்டாவது சூடு காட்டுவீங்களா?" என்று கடையில் கேளுங்கள். கேட்கத் தெரிந்தவர் என்றால் கொஞ்சம் கவனமாகவே செய்வார்கள்.

இரண்டு பக்கமும் முழு செட் புதிதாகப் போடுவது நல்லது என்றார் பாய். தொகையைக் கேட்டதும் தம்பி முகம் போன போக்கைப் பார்த்து, நானே இடையில் புகுந்தேன். கடைசியில் இரண்டு பக்கமும் மெயின் பட்டையும் இரண்டாவது பட்டையும் புதுசு, மற்றவற்றை மறுபடி வளைத்துப் பதம் ஏற்றுவது என்று முடிவானது. கூடுதலாகச் சொருகிய அந்த ஒற்றைப் பட்டை வெளியே போனது.

நன்றாக இருக்கும் வலப்பக்கத்தையும் ஏன் தொட வேண்டும் என்று தம்பிக்குக் குறை. ஒரு பக்கம் புதுப் பட்டை, இன்னொரு பக்கம் வருடக்கணக்கில் களைத்த பட்டை என்றால் சாய்வு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் குடிமாறும், அவ்வளவுதான். கழற்றிப் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது அவனுக்கே தெரிந்தது, வலது பட்டையும் பாதி தட்டையாகியிருந்தது.

புஷ், சென்டர் போல்ட், யூ போல்ட் எல்லாம் புதுசு. சென்டர் போல்ட் சின்னதுதான், ஆனால் பட்டை அடுக்கு அச்சின் மேல் சரியான இடத்தில் உட்காருவது அதனால்தான். எங்கள் வண்டியில் அதுவும் வெட்டுப்பட்டிருந்தது. நண்டு நடைக்கு அதற்கும் பங்கு உண்டு. கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போட பாய் மறுத்துவிட்டார். ஒருமுறை இறுக்கியதில் மரை இழுபட்டிருக்கும், மறுபடி அதே இறுக்கம் பிடிக்காது.

வேலை முடிய இரண்டு நாள் ஆனது. பில், ஒரு மாத டியூவில் பாதிக்கும் கொஞ்சம் மேலே. பாதியை நான் கொடுத்தேன். காதுகுத்துச் சீரில் கழித்துக்கொள்வதாகச் சொன்னேன். கழிக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும்.

டேப்பை எடுத்து மறுபடி அளந்தேன். வித்தியாசம் 1 சென்டிமீட்டர். "இன்னும் ஒரு சென்டிமீட்டர் இருக்கே பாய்?"

"ஒன் ரெண்டு கண்ணும் ஒரே அளவா இருக்காம்மா? போ" என்றார்.

வண்டி நேராகிவிட்டதே, இப்போது இருபது பேரையும் ஏற்றலாமா என்று அம்மாவே கேட்டார். கூடாது என்றேன். உப்பு மூட்டை வைத்த இடத்தில் இருக்கும். மனிதர்கள் நிற்பார்கள், எழுவார்கள், ஊஞ்சல் தெரிகிறதா என்று எல்லோரும் ஒரே பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். நிற்கும் ஆளின் பாரம் உயரத்தில் இருக்கும். வளைவில் வண்டியைக் கவிழ்ப்பது அந்த உயரம்தான். பட்டை எவ்வளவு புதுசாக இருந்தாலும் அதைத் தடுக்காது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவர்களுக்கு ஏதாவது நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் நஷ்ட ஈடு யார் தலையில் விழும்? வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில். தம்பி இதைக் கேட்டதும் அன்றைக்கே வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டான்.

ஆடி அமாவாசைக்கு நாங்கள் வேனில் போனோம். பாத்திரம், அரிசி, விறகோடு பிக்கப் பின்னாலேயே வந்தது. செஞ்சிக் கோட்டையைத் தாண்டும்போது வேனின் பின் கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு ஹெட்லைட்டும் ஒரே மட்டத்தில் வந்தன. குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டியது. முதல் காது குத்தியதும் மாமன் கண்ணிலும் தண்ணீர்.

முறிந்த மெயின் பட்டையை அவன் பழைய இரும்புக்குப் போடவில்லை. கொல்லன் பட்டறையில் கொடுத்து, அம்மாவுக்கு ஒரு அரிவாளும் எனக்கு ஒரு களைக்கொத்தும் அடித்து வாங்கி வந்திருக்கிறான். பட்டை இரும்பில் அடித்தது சாணை அதிகம் கேட்காது. மாடித் தோட்டத்து மண்ணைக் கொத்தும்போதெல்லாம் இது எந்தப் பக்கத்து முறிவு என்று பார்த்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வேலை பாக்கி. புதுப் பட்டை படிந்து உட்கார்ந்ததும் யூ போல்ட் கொஞ்சம் தளரும், 500 கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவா, சும்மாவே இறுக்கித் தருகிறேன் என்று பாய் சொல்லி அனுப்பியிருந்தார். நேற்று போனில் கேட்டேன். 640 ஆகிவிட்டதாம். "நாளைக்குப் போறேன்க்கா, இன்னைக்கு மரக்காணம்" என்றான்.

நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் திண்டிவனம் போகிறேன். டேப்பை இப்போதே பைக்குள் எடுத்து வைத்துவிட்டேன்.